லேபிள் கிழித்த சீசா

கரட்டுப்பாளையம்,
மல்லசமுத்திரம் வழி,
8.6.1981

சௌந்திரம் நங்கையா அவர்களுக்கு உங்கள் தம்பி சம்சாரம் வசந்தாமணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

ராசு கண்டக்டர் பவுடர் டப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். பஞ்சுக்குள் இரண்டு சீசாவும் உடையாமல் இருந்தன. நீங்கள் சொன்னபடி ஐந்தாம் தேதியே கம்பவுண்டர் சென்னியப்பனை வரச்சொல்லி உங்கள் தம்பிக்கு ஒன்றைப் போட்டாயிற்று. வழக்கம்போல ரெண்டு நாள் முகம் மரத்த மாதிரி இருந்தார், கை நடுங்கியது. மூன்றாம் நாள் எழுந்து எள்ளுக்காட்டுக்குப் போய்விட்டார். ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்கிற மனுசனுக்கு மாசாமாசம் எதற்குச் சத்து ஊசி என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. லாரிப் பட்டறையில் கம்பி விழுந்து தளர்ந்த நரம்பு இத்தனை வருசத்தில் தேறாதா? அவரைக் கேட்டால் "அக்கா சொன்னாப் போட்டுக்கோணும்" என்கிறார். நான் சொன்னால் குடையைக்கூட எடுத்துப் போவதில்லை.

உங்கள் மகள் பிரசவத்துக்கு மெட்ராஸ் போகிறீர்கள் என்று ராசு சொன்னார். அதனால்தான் ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து அனுப்பினீர்களாமே. அந்த இன்னொரு சீசாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என் அம்மாவுக்குக் காமாலை வந்து போனது உங்களுக்குத் தெரியும். இப்போது குச்சியாக இளைத்துக் கிடக்கிறது, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. அந்தச் சீசாவை அம்மாவுக்குப் போடலாம் என்று இருக்கிறேன். உங்கள் தம்பிக்கு ஏறுகிற சத்தில் பாதி ஏறினாலும் போதும். அவருக்கு ஜூலை மாசத்துக்கு நீங்கள் வந்து வேறு வாங்கி அனுப்பிவிடுங்கள். கூடாதென்றால் ஒரு கார்டு போடுங்கள். பதினைந்தாம் தேதி வரை பார்ப்பேன்.

சீசா மேல் ஒட்டியிருக்கிற காகிதத்தை அந்த மருந்துக்கடைக்காரன் ஏன்தான் கிழிக்கிறானோ. பேர் தெரிந்தால் நானே ராசிபுரத்தில் வாங்கிக்கொள்வேன், உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.

வசந்தாமணி

*

சென்னை,
22.6.1981

வசந்தா கண்ணு,

உன் கடிதம் அம்மாபேட்டைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்காரர் இங்கே திருப்பி அனுப்பி, இப்போதுதான் கைக்கு வந்தது. தபால்காரர் நிற்கும்போதே எழுதுகிறேன். அந்த ஊசியை உன் அம்மாவுக்குப் போட்டுவிடாதே, சாமி. அது ஆம்பிளை உடம்புக்கு மட்டும் ஏற்ற சத்து. பொம்பிளைகளுக்கு, அதிலும் காமாலை கண்டவர்களுக்குச் சூடு தலைக்கு ஏறிவிடும். சீசாவைத் தொடாமல் டப்பாவிலேயே வை. வெளியில் யாரிடமும் காட்டவும் வேண்டாம். ஜூலை ஐந்தாம் தேதி மறக்காமல் தம்பிக்குப் போட்டுவிடு, ஒருநாள்கூடத் தள்ளக்கூடாது.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பத்து நாளில் வந்துவிடுவேன்.

சௌந்திரம்

*

புதூர்,
ராசிபுரம் வழி,
4.7.1981

நங்கையா அவர்களுக்கு,

பேரன் பிறந்ததற்குச் சந்தோசம். என் அம்மா சாகவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதினைந்தாம் தேதி வரை உங்கள் கார்டு வரவில்லை. மறுநாள் சீசாவை எடுத்துக்கொண்டு இங்கே அம்மா வீட்டுக்கு வந்தேன். இந்த ஊரில் ஊசி போடுகிறவரிடம் "சத்து ஊசிங்க, எங்க ஊட்டுக்காரரு மாசாமாசம் போட்டுக்கறாரு" என்று நான்தான் சொன்னேன். நான்தான் அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் பொழுதோடு அம்மாவின் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண் மேலே சொருகி நின்றது. நாக்கு தானாக வெளியே வருகிறது, உள்ளே இழுக்க முடியவில்லை. பேச்சு இல்லை, எச்சில் வடிகிறது. பாவாயி அத்தை முனி பிடித்துவிட்டது என்று வேப்பிலையோடு வந்துவிட்டாள். விடிந்ததும் வாடகைக் காரில் சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

டாக்டர் என்ன ஊசி என்று கேட்டார். சத்து ஊசி என்றேன். நல்லவேளை, காலிச் சீசாவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். நீங்கள் லேபிளைக் கிழித்தபோது ஓரத்தில் ஒரு நூல் அகலம் காகிதம் பசையோடு நின்றுவிட்டது. அதில் நாலு எழுத்துத்தான் இருந்தது. அவருக்கு அது போதும்.

"உங்க வீட்டில யாருக்கு மனசு சரியில்லை?" என்றார்.

"யாருக்கும் இல்லீங்க."

"இது மனசு கலங்கினவங்களுக்குப் போடுற மருந்தும்மா. காதில குரல் கேக்குதும்பாங்க, கூட இருக்கிறவங்களையே சந்தேகப்படுவாங்க, அவங்களுக்கு. நல்லெண்ணெயில கரைச்சது. உள்ளே போனா ஒரு மாசம் கொஞ்சங் கொஞ்சமா ஊறும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது."

நங்கையா, எள்ளு விதைக்கிற குடும்பம் நாம். நல்லெண்ணெய் என்றதும் ஒரு நிமிசம் எனக்குத் தைரியமாகக்கூட இருந்தது. அப்படி ஒரு முட்டாள் நான்.

கழுத்து இறங்க வேறு ஊசி போட்டார்கள், இறங்கியது. ஆனால் அம்மாவின் உடம்பு இன்னும் மரக்கட்டையாக இருக்கிறது. சோறு ஊட்டிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்கள் சென்னைக் கடிதத்தை உங்கள் தம்பி பிரிக்காமல் அனுப்பிவைத்தார். ஆம்பிளை உடம்புக்கு மட்டும் ஏற்ற சத்து. அதை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். "இதை எழுதினவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குதும்மா" என்றார். அந்த அவசரத்திலும், என் அம்மா உயிர் என்று தெரிந்தும், உங்களுக்கு ஒரு பொய் தயாராக இருந்தது.

இப்போது கல்யாணத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இணைச்சீர் நடக்கும்போது சகோதரிக்காரி என்று நீங்கள் அவர் பக்கத்தில் நின்றீர்கள். அவர் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் சனமெல்லாம் அக்கா தம்பி பாசத்தைப் பார் என்றார்கள். மாப்பிள்ளை முகத்தில் ஒரு அசைவு இல்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று என் அம்மாதான் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தது. அந்த அம்மா இப்போது அதே முகத்தோடு கிடக்கிறது.

ரெண்டரை வருசம் உங்களை என் கூடப் பிறந்தவளாக நினைத்தேன். நீங்கள் கண்டக்டர் கையில் விசத்தை அனுப்பி, என் கையால் போடவைத்தீர்கள். நாளைக்கு அவருக்கு ஊசி நாள். சீசா இல்லை. இருந்தாலும் போட விடமாட்டேன்.

வசந்தாமணி

*

அம்மாபேட்டை,
சேலம்,
11.7.1981

வசந்தா,

உன் கடிதத்தை வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து நாலு தடவை படித்தேன். நீ திட்டியதில் ஒரு வார்த்தையும் அதிகம் இல்லை. உன் அம்மா காலில் விழ வரலாமா என்று கேட்கத்தான் நினைத்தேன், கேட்க வாய் இல்லை.

விசம் என்று மட்டும் எழுதாதே, சாமி. அந்த மருந்து இல்லாமல் அவன் எப்படி இருந்தான் என்று நீ பார்த்ததில்லை. எழுபத்து நாலில் திருச்செங்கோட்டில் லாரிப் பட்டறையில் வேலைக்கு இருந்தான். கம்பி ஒன்றும் மேலே விழவில்லை. தகரம் அடிக்கிற சத்தத்தில் தன் பேரைச் சொல்லி வைகிறார்கள் என்று சுத்தியலோடு முதலாளியைத் துரத்தியிருக்கிறான். வீட்டுக்கு வந்தால் அப்பாவைப் பார்த்து "நீ எங்கய்யன் இல்லை, எங்கய்யனை எங்க ஒளிச்சு வெச்சிருக்கறே" என்கிறான். ஒருநாள் ஓடிப்போனவனை ஓமலூர்ச் சந்தையில் மாட்டுத் தரகர் ஒருத்தர் அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டுவந்தார். உடம்பில் துணி இல்லை. அப்பா மந்திரிக்காத இடமில்லை. கடைசியில் கட்டுத்தரையில் எருமைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டார். என் தம்பி மூன்று மாசம் அங்கே கிடந்தான், வசந்தா. நான் தட்டில் சோறு கொண்டுபோனால் விசம் வைத்திருக்கிறாய் என்று என் மூஞ்சியில் வீசுவான்.

நான்தான் சண்டை போட்டு டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்து வைக்கோல் போரில் துப்பினான். அப்புறம்தான் இந்த ஊசி வந்தது. நரம்புக்குச் சத்து ஊசி என்று சொல்லிப் போட்டேன். மூன்றாவது மாசம் என்னை "அக்கா" என்று கூப்பிட்டான். நாலு வருசம் கழித்துக் கூப்பிட்டான். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தப் பொய்யை என் சாவு வரைக்கும் சொல்வேன் என்று.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ வந்திருப்பாயா? அப்பா சாகக் கிடந்தார், "எம் பையனுக்கு ஒரு ஊடு ஆக்கிக் குடு" என்று என் கையைப் பிடித்தார். நிச்சயத்தன்று உன் அம்மாவிடம் சொல்லிவிடத்தான் சமையல் கட்டுப் பக்கம் வந்தேன். அவர் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து "உங்களாட்டம் நாத்தி அமைஞ்சது எம்புள்ள புண்ணியம்" என்றார். மோரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன் கோபமெல்லாம் என்மேல் காட்டு. அவனுக்கு ஊசியை நிறுத்தாதே. ராசுவிடம் ஒரு சீசா அனுப்புகிறேன். அவனிடம் மட்டும் எதையும் சொல்லிவிடாதே. தெரிந்தால் இனி ஒருநாளும் போட்டுக்கொள்ள மாட்டான்.

சௌந்திரம்

*

கரட்டுப்பாளையம்,
9.8.1981

நங்கையா அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய சீசா வந்தது. எல்லாவற்றையும் நாலு பக்கம் எழுதி ஒப்புக்கொண்ட பிறகும் லேபிளைக் கிழித்துத்தான் அனுப்பியிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. கிணற்றில் வீசிவிட்டேன். அது என் தப்பு. உங்களைப்போல வருசக்கணக்கில் மூடிவைக்க எனக்குத் தெரியாது, அதனால் எழுதிவிடுகிறேன்.

அம்மா எழுந்து உட்காருகிறது. நான் இங்கே வந்து பத்து நாள் ஆகிறது. உங்களுக்காக வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் குப்பாயி ஆள் அனுப்பியதால் வந்தேன்.

அவர் தூங்குவதில்லை. பம்புசெட் மோட்டார் தன் பேரைச் சொல்கிறது என்று அதை நிறுத்திவிட்டு, எள்ளுக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் வாய்க்கால் மேல் உட்கார்ந்திருக்கிறார். நான் வைத்த சோற்றை நாய்க்குக் கொஞ்சம் போட்டு, அது தின்ற பிறகு பார்த்துவிட்டுத் தின்கிறார். நேற்று என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கத்தவில்லை, அடிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "வசந்தா, எனக்குத் தெரியாம எனக்குள்ள என்னமோ ஏத்தறாங்க. ரொம்ப வருசமா ஏத்தறாங்க. எல்லாரும் கூட்டு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் என்ன சொல்வது, சொல்லுங்கள். மோட்டார் பேசவில்லை என்று அடித்துச் சொல்வேன். சோற்றில் ஒன்றுமில்லை என்று அதே தட்டில் தின்று காட்டுவேன், காட்டினேன். இது ஒன்று மட்டும் உண்மை. அக்கா, அப்பா, கம்பவுண்டர் எல்லோரும் கூடி அவருக்குத் தெரியாமல் ஏற்றியது உண்மை. இல்லை என்று நான் சொன்னால் அந்தக் கூட்டில் நானும் ஒருத்தி. அவர் புத்தி கலங்கிச் சொல்கிறதில் நிஜம் இருக்கிறது, தெளிவாக இருக்கிற நாமெல்லாம் பொய் சொல்கிறோம்.

அதனால் சொல்லிவிடப் போகிறேன். ஒரு சீசா அனுப்புங்கள், இந்தத் தடவை லேபிளோடு அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே எடுத்துக்கொண்டு வந்து, அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். அதுதான் மரியாதை.

வசந்தாமணி

*

அம்மாபேட்டை,
14.8.1981

வசந்தா,

சீசா அனுப்பியிருக்கிறேன். லேபிளில் கை வைக்கவில்லை.

என்னால் வர முடியாது. கோழை என்றுதான் நினைப்பாய், நினைத்துக்கொள். கட்டுத்தரையில் என்னைப் பார்த்த பார்வையை இன்னொரு தடவை பார்க்க என் உடம்பில் தெம்பு இல்லை. அன்றைக்கு அவன் என்மேல் சொன்னது பொய். இன்றைக்கு அதே பார்வை பார்த்தால் அது நிஜமாக இருக்கும்.

சொல்லாதே என்று கடைசியாக ஒருமுறை கேட்கிறேன். அவன் ஓடிவிட்டால் இந்தத் தடவை ஓமலூரில் கிடைப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் நீயும் நானும் யாரைக் குற்றம் சொல்லி என்ன பண்ணுவது?

கிழித்த லேபிள் எதையும் நான் தூக்கிப் போடவில்லை. அடுத்த ஊசி என்றைக்கு என்று தெரிய ஒவ்வொன்றின் பின்பக்கமும் தேதி எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

சௌந்திரம்

*

கரட்டுப்பாளையம்,
25.8.1981

நங்கையா அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன். ஓடவில்லை.

காலையில் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். சீசாவை அவர் உள்ளங்கையில் வைத்து, "இதுதானுங்க ஏத்துனது. சத்து ஊசி இல்லை. உங்களுக்கு மனசுக் கோளாறு, அதுக்கு மருந்து" என்றேன். என் அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். நான் ஒன்றைக் கிணற்றில் வீசியதையும் சொன்னேன். லேபிளில் இருந்த பேரை எழுத்துக் கூட்டி நெடுநேரம் படித்தார்.

"அப்ப எனக்குத் தெரியாம ஏத்துனது நெசம்" என்றார்.

"நெசந்தானுங்க."

"மோட்டாரு பேசறது?"

"அது நெசமில்லீங்க. எனக்குக் கேக்கலை."

"ஒண்ணு நெசம், ஒண்ணு நெசமில்லை. எது எதுன்னு நானு எப்படிக் கண்டுபுடிப்பேன்?"

"என்னைக் கேளுங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

அதற்கப்புறம்தான் கேட்டார். "அக்காளா?"

"அக்காதானுங்க."

வேறு யார் பேரைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். சீசாவைக் கீழே வைத்துவிட்டு எருமை கட்டுகிற மூலையில் போய் உட்கார்ந்தார். அங்கேதான் அவரைக் கட்டிவைத்திருந்தீர்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாசலில் நின்றுகொண்டு, ஓடினால் பின்னால் ஓட வேண்டும் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருந்தேன். உச்சிப்பொழுது வரை உட்கார்ந்திருந்தார், அழுதார். எழுந்து வந்து, "சென்னியப்பனை வரச்சொல்லு. ஆனா சீசாவை நாந்தான் ஒடைப்பேன்" என்றார். அவரே உடைத்தார். விரலில் கண்ணாடி கீறிவிட்டது. சென்னியப்பன் தலையே தூக்காமல் போட்டுவிட்டுப் போனார்.

மோட்டார் இன்னும் பேசுகிறதாம். அம்மாவைப் பார்த்த சேலத்து டாக்டர் கொஞ்ச நாள் ஆகும் என்கிறார். பேசினால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார். நான் காதுகொடுத்துக் கேட்டு, இல்லை என்கிறேன். சரி என்கிறார்.

அந்த பிஸ்கட் டப்பாவைப் பற்றியும் சொன்னேன், எதையும் மறைக்கக்கூடாது என்று. அதை அனுப்பச் சொன்னார்.

வசந்தாமணி

*

அம்மாபேட்டை,
2.9.1981

வசந்தா,

டப்பாவை ராசுவிடம் கொடுத்துவிட்டேன். சிலவற்றை எடுத்துவிடலாமா என்று ஒரு பொழுது முழுக்க டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை. இருந்தது இருந்தபடி இருக்கிறது.

அவன் என்னைப் பற்றி என்ன சொல்கிறான்? திட்டினாலும் பரவாயில்லை, அப்படியே எழுது. தீபாவளிக்கு வந்தால் முகம் கொடுப்பானா? உன் கையில் விட்டுவிட்டேன்.

சௌந்திரம்

*

கரட்டுப்பாளையம்,
20.9.1981

நங்கையா அவர்களுக்கு,

என் அம்மா நடக்கிறது, பேசுகிறது. இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறது. வா என்று நான் கூப்பிடவும் இல்லை.

உங்கள் தம்பிக்குத் தேவலை. எள்ளில் பாதி காய்ந்துவிட்டது, மீதியை அறுத்துவிட்டார். டாக்டரிடம் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தே போனோம். கை நடுக்கம், முகம் மரப்பது எல்லாவற்றையும் அவரே சொன்னார். டாக்டர் மருந்தைக் குறைத்து, நடுக்கத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இனி மாசாமாசம் அவரே போய் வாங்கிக்கொள்வார், நீங்கள் அனுப்ப வேண்டாம். திரும்பும்போது அம்மாபேட்டைக்குப் போய்விட்டு வரலாமா என்று நான்தான் கேட்டேன். "இன்னொரு நாளைக்கு" என்றார். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. தீபாவளியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். திட்டக்கூட இல்லை. அப்படியே எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

நான் இங்கே இருப்பது உங்களை மன்னித்துவிட்டதால் இல்லை. அவர் என்னை ஏமாற்றவில்லை, அவரும் என்னைப்போல ஏமாந்தவர். அதற்காக இருக்கிறேன்.

டப்பா வந்த அன்றைக்கு லேபிள்களையெல்லாம் பாயில் பரப்பி, பின்பக்கம் நீங்கள் எழுதியிருந்த தேதியைப் பார்த்து வரிசையாக அடுக்கினார். மாசத்துக்கு ஒன்றுதான் இருந்தது. எழுபத்தொன்பது ஜனவரியில் மட்டும் ரெண்டு. ஒன்று பத்தாம் தேதி. இன்னொன்று இருபத்தெட்டாம் தேதி, எங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள்.

அதைத் தனியாக எடுத்து வைத்தார். மற்றதையெல்லாம் வாரி டப்பாவில் போட்டு மூடினார். அந்த ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இதெல்லாம் எனக்குப் போட்டது, வசந்தா. இது ஒண்ணு உனக்குப் போட்டது. நீயே வெச்சுக்கோ" என்றார்.

வாங்கி வைத்துக்கொண்டேன்.

வசந்தாமணி